தடை இருக்கிறது, பாக்கெட்டும் கிடைக்கிறது: ஊர் எதில் கை வைப்பது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்தில் பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் குழு, வணிகர் சங்கம் என்று எது கூடினாலும் ஒரு பேச்சு வந்துவிடுகிறது. குட்காவுக்குத் தடை போட்டுப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. கடையில் ஹான்ஸ் என்கிற மெல்லும் புகையிலைப் பாக்கெட் கிடைக்கிறது, பையன்கள் சட்டைப் பையில் உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப் புகையிலை இருக்கிறது. புகார் கொடுத்துக் கடையை மூட வைப்பதா, பள்ளிக்கூடத்தைச் சுற்றி மட்டும் காவல் போடுவதா, கிராம சபையில் தீர்மானம் போடுவதா, போடுகிறவர்களை விட வைக்கப் பார்ப்பதா? நாலையும் ஒன்றாகத் தூக்க ஊரில் ஆள் கிடையாது. எதை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டியவர்களுக்காக இந்த ஒப்பீடு.

## சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

தமிழ்நாட்டில் முதல் தடை 2001 நவம்பரில் வந்தது. 2004இல் உச்ச நீதிமன்றம் அந்த வகைத் தடைகளை ரத்து செய்தது. பிறகு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 வந்தது. அதன்கீழ் 2011இல் வந்த ஒழுங்குமுறை 2.3.4, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோட்டினோ சேர்க்கக் கூடாது என்கிறது. அதை வைத்துத்தான் 2013 மே 23 அன்று இப்போதைய தடை அறிவிக்கை வெளியானது.

இதில் ஊர்க்காரர்கள் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சட்டத்தின் 30(2)(அ) பிரிவு ஓர் ஆண்டுக்கு மிகாமல்தான் தடை போட அனுமதிக்கிறது. அதனால் ஒவ்வொரு மே மாதமும் புது அறிவிக்கை வர வேண்டும். 2023 ஜனவரியில், இப்படி வருஷா வருஷம் நீட்டுவது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்கும்வரை மூன்று மாதம் தடை அந்தரத்தில் தொங்கியது. இரண்டு, தயாரிப்பது, சேமிப்பது, கொண்டுபோவது, விநியோகிப்பது, விற்பது இவைதான் தடைசெய்யப்பட்டவை. வாங்கி வாயில் அதக்கிக்கொள்கிறவர்மேல் இந்த அறிவிக்கை பாயாது. ஆகவே சரக்கு எவ்வளவு கெடுபிடியில் இருந்தாலும் வாங்குகிற ஆள் அப்படியேதான் இருக்கிறார்.

வேதாரண்யம் பக்கத்து மணல் நிலத்தில் மெல்லும் புகையிலை காலங்காலமாக விளைகிற பயிர். விளைவிக்கத் தடை இல்லை. குட்காவையே பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று பிரித்து விற்கும் தந்திரமும் தடைக்குப் பிறகு வந்ததுதான். வாங்குகிறவர் உள்ளங்கையில் இரண்டையும் கொட்டிக் கலந்துகொள்கிறார்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், யாரைத் தடுக்கப் போகிறோம் என்பது. எட்டாம் வகுப்பில் முதல் கூல் லிப்பை உதட்டுக்குள் வைக்கப்போகும் பையனும், இருபது வருஷமாக வெற்றிலைச் சீவலோடு போயிலை போடும் நடவுப் பெண்ணும் ஒரே வழியில் நிற்க மாட்டார்கள். முன்னவனுக்குக் கைக்கு எட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பின்னவருக்கு எட்டாமல் போனால் இரண்டு மைல் நடந்தாவது வாங்குவார்.

இரண்டாவது, எவ்வளவு நாள் நிற்கும். மூன்றாவது, அதிகாரம் யார் கையில். நாலாவது மறைவுச் செலவு: பகை, லஞ்சம், சரக்கு வேறு இடத்துக்குப் போவது, போயிலையை விட்டுப் பீடிக்கோ மூக்குப்பொடிக்கோ தாவுவது.

பலனை அளக்க ஒரு மலிவான வழி உண்டு. பள்ளிச் சுவர், பேருந்து நிறுத்தம், டீக்கடை ஓரம், வாய்க்கால் மதகு என்று நாலு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மாலை அங்கே பெருக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை கிடக்கும் வெற்றுப் பாக்கெட்டுகளைப் பிராண்டு வாரியாக எண்ணி நோட்டில் எழுதுங்கள். எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் நாலு வாரம் எண்ணியிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பாக்கெட்டையெல்லாம் வாய்க்காலில் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மாதக் கணக்கை மற்ற மாதத்தோடு ஒப்பிட்டு, குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம்.

## வழி 1: புகார், சோதனை, சீல்

அதிகாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கையில். மாவட்ட அளவில் நியமன அலுவலர். முதல் முறை பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடை மூடல். இரண்டாம் முறை 50,000 ரூபாய், 30 நாள். மூன்றாம் முறை 1 லட்சம், 90 நாள்.

கேட்கப் பெரிய தொகைதான். கடைக்காரர் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதால் ஒன்றுக்கு 8 ரூபாய் நிற்கிறது, நாளுக்கு 25 பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 200, மாதம் 6,000 ரூபாய். பால், பழம், பிஸ்கட்டில் நாளுக்கு 500 ரூபாய் லாபம் என்றால், முதல் முறை பிடிபட்டதில் போவது அபராதம் 25,000, 15 நாள் வருமானம் 10,500, ஆக 35,500. ஆறு மாதப் பாக்கெட் லாபம். அதாவது ஆறு மாதத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாகப் பிடிபட்டால் அவருக்கு நஷ்டமே இல்லை. இரண்டாம் முறை கணக்கு 71,000. ஏறக்குறைய ஒரு வருஷ லாபம். மூன்றாம் முறை 1,63,000. இரண்டே கால் வருஷம். உண்மையில் பயமுறுத்துவது இரண்டாம் தடவைதான். அதனால் முதல் தடவை பிடிபட்டது ஒழுங்காகப் பதிவாக வேண்டும். கடைப் பதிவு மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ மாறிவிட்டால், அடுத்த தடவையும் முதல் தடவையாகவே எண்ணப்படும்.

புகாரை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. "எங்கள் ஊரில் ஹான்ஸ் விற்கிறார்கள்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. கடை இருக்கும் இடம், சரக்கு ஒளித்திருக்கும் இடம், விற்கிற நேரம் மூன்றும் வேண்டும். ஹான்ஸ் எப்போதும் கடைக்குள் இருப்பதில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு நாள் தேவைக்குப் பத்துப் பாக்கெட், மீதி பக்கத்தில் நிற்கிற வண்டியின் சீட்டுக்கு அடியிலோ பின்வீட்டு அரிசிப் பானையிலோ. வழக்கமாக வாங்குகிறவர் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. சில்லறையைப் பாட்டில் மூடிமேல் வைப்பார், கடைக்காரர் கை தானாகக் கீழே போகும். வியாபாரம் நடப்பது வேலைக்குப் போகிற காலை நேரத்திலும் திரும்புகிற மாலையிலும். பகல் பதினோரு மணிக்குச் சோதனைக்கு வந்தால் கடலைமிட்டாய்தான் கிடைக்கும். பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம், தொகுதி எண் தெரிகிற படத்தோடு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்.

மாதிரி எடுத்தால் நாலு பங்காகப் பிரித்து முத்திரையிட்டு ஒரு பங்கை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தஞ்சாவூரிலேயே உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருப்பது நமக்கு ஒரு வசதி. முடிவு சொல்ல 14 நாள் கெடு.

இந்த வழியின் மறைவுச் செலவு பெரிது. விலை ஏறுவதால் ஒளித்து விற்கிறவருக்கு லாபம் கூடுகிறது. லாபம் கூடினால் கண்டும் காணாமல் இருக்கக் காசு கொடுக்கவும் முடிகிறது. 2016இல் சென்னையில் ஒரு குட்கா ஆலையில் நடந்த வருமான வரிச் சோதனையில் அகப்பட்ட கணக்கு, லஞ்ச வழக்காகி, 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ கைக்குப் போனது ஊரறிந்தது. டெல்டாவுக்கு மட்டுமே உள்ள இன்னொரு சிக்கல் காரைக்கால். அது புதுச்சேரி ஆட்சிப் பகுதி. எல்லைச் சோதனைச்சாவடி, நாகூர் தாண்டினால் வாஞ்சூரில், பொறையாறு பக்கம் நண்டலாற்றில். தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையரின் உத்தரவும் அலுவலரின் அதிகாரமும் அந்தச் சோதனைச்சாவடியோடு நின்றுவிடும். பூடான் நாடு 2004இல் புகையிலை விற்பனையையே முழுசாகத் தடை செய்தது. எல்லை வழியாகக் கடத்தல் ஓயவில்லை. கொரோனா காலத்தில் 2020இல் தடையைத் தளர்த்தினார்கள். ஒரு நாட்டுக்கே எல்லை இப்படி என்றால், திருமருகலுக்கோ தரங்கம்பாடிக்கோ எம்மாத்திரம்.

தமிழ்நாட்டில் புகையிலைப் பழக்கம் உள்ள பெரியவர்கள், உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி 2009-10இல் 16.2 சதவீதம், 2016-17இல் 20.0 சதவீதம். இரண்டுக்கும் நடுவில்தான் 2013 தடை வந்தது. இது பீடி, சிகரெட்டையும் சேர்த்த கணக்கு, தடையால் கூடியது என்று யாரும் சொல்ல முடியாது. தடை மட்டும் போட்டால் குறைந்துவிடும் என்று சொல்லவும் முடியாது.

இந்த வழி நன்றாக வேலை செய்வது எங்கே? ஊருக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரி ஒருவர், இருவர் என்று தெரிந்த இடத்தில். பத்துப் பெட்டிக்கடையைப் பற்றிப் பத்துப் புகார் எழுதுவதைவிட, வாரம் ஒருமுறை இரு சக்கர வண்டியில் மூட்டை இறக்குகிறவரின் கிழமையையும் நேரத்தையும் ஒரே புகாரில் எழுதுவது மேல்.

## வழி 2: பள்ளியைச் சுற்றி 100 கெஜம்

இது வேறு சட்டம். 2003இன் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம். பிரிவு 6: 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. பீடி, சிகரெட்டும் இதில் அடக்கம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியதில்லை என்பது பெரிய பலம்.

100 கெஜம் என்பது 91.44 மீட்டர். ஊரெல்லாம் "100 மீட்டர்" என்று எழுதிய பலகைகளைப் பார்க்கிறோம். 95ஆவது மீட்டரில் கடை வைத்திருப்பவர் வாதாட அதுவே போதும். அளக்க வேண்டியது வாசலிலிருந்து அல்ல, சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளிவிளிம்பிலிருந்து, நேர்கோட்டில், எல்லாப் பக்கமும். தெரு வளைந்து போவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கைப்பேசி வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதி உண்டு. சுவரின் நாலு மூலையிலும் தொடங்கி அளந்து, சாலையில் மஞ்சள் கோடு போடுங்கள். கும்பகோணம், மன்னார்குடி மாதிரி ஊர்களில் பள்ளிகள் நெருங்கி இருப்பதால் வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, கடைத்தெருவின் பாதி உள்ளே வந்துவிடும். கிராமத்தில் நிலைமை தலைகீழ்: ஒரே பள்ளி, ஒரே வட்டம், பேருந்து நிறுத்தத்து டீக்கடை கோட்டுக்குப் பத்தடி வெளியே.

பலவீனம் அபராதத்தில் இருக்கிறது. 200 ரூபாய்க்கு மிகாது. அதை வாடகை மாதிரி கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பல்லுள்ள சட்டம் இன்னொன்று: 2015இன் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77. குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். கடைக்காரர்களைக் கூட்டி இந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினாலே சிறுவர்களுக்கு விற்பது பெருமளவு நிற்கும். வழக்குப் போடும் நிலை வந்தால் சாட்சி ஒரு பையனாக இருப்பான் என்பதை மறக்கக் கூடாது. அவன் பெயர் தெருவில் அடிபட்டால் அடுத்த பையன் வாயைத் திறக்க மாட்டான்.

கூல் லிப் விஷயத்தில் ஆசிரியர்கள் ஏமாறுவது, வெற்றிலைக் கறையைத் தேடுவதால். அது சின்னப் பஞ்சுத்தலையணை மாதிரி ஒரு பை, புதினா வாசனை, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கினால் துப்ப வேண்டியதில்லை, கறையும் படாது. தேட வேண்டியது கழிப்பறை ஜன்னல் விளிம்பு, மேசையின் அடிப்பக்கம், சைக்கிள் நிறுத்தம். பிடிபட்ட பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது அடுத்த பள்ளிக்குச் சரக்கு அனுப்புவது மாதிரி. அவனைப் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

## வழி 3: கிராம சபையும் வணிகர் ஒப்பந்தமும்

வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் போடுவது சுலபம். அந்தத் தீர்மானத்தால் யாருக்கும் அபராதம் போட முடியாது. "ஊர்க் கட்டுப்பாடு" என்று தெருவில் நிறுத்தித் தண்டம் வசூலித்தால் போட்டவர்கள்மேல்தான் வழக்கு வரும். பெரிய தெருக் கடையை விட்டுவிட்டுக் காலனிக் கடையில் மட்டும் கைவைத்தால் விஷயம் புகையிலையைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். இது நடக்கக்கூடியதுதான், முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ உண்மையான பிடி ஒன்று இருக்கிறது: அது ஏலம் விடும் கடைகள். குத்தகை ஒப்பந்தத்தில் "தடைசெய்யப்பட்ட புகையிலைப் பொருள் விற்றது உறுதியானால் குத்தகை ரத்து, முன்பணம் திரும்பாது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பேருந்து நிலையக் கடைக்கு அது 25,000 ரூபாய் அபராதத்தைவிட வலிக்கும். வணிகர் சங்க ஒப்பந்தமும் நிற்கும், ஆனால் எல்லாக் கடையும் ஒரே நாளில் நிறுத்தினால்தான். ஒருவர் விட்டு இன்னொருவர் விற்றால், விட்டவர் டீ வியாபாரத்தையும் சேர்த்து இழப்பார். ஹான்ஸ் வாங்க வருகிறவர் அங்கேயே டீயும் குடிக்கிறார் என்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

## வழி 4: விட வைப்பது

எல்லோரும் கடைசியில் வைப்பது இதை. பழக்கப்பட்டவர்கள் அதிகம் உள்ள ஊரில் முதலில் வைக்க வேண்டியதும் இதுதான்.

சுண்ணாம்பு சேரும்போது காரத்தன்மை ஏறி, நிக்கோட்டின் கன்னத்துச் சதை வழியாக விரைவாக ரத்தத்தில் இறங்குகிறது. அதனால் நிறுத்திய முதல் மூன்று நாள் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை உச்சத்தில் இருக்கும். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தணியும். சேற்றில் குனிந்து நடவு நடும் நாளில் ஒருவரை விடச் சொல்வது வீண். குறுவை, சம்பா நடவும் அறுப்பும் தவிர்த்து, பங்குனியிலிருந்து வைகாசிக்குள் விடும் நாளைக் குறியுங்கள். அதே வீட்டில் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் விடுவது நல்லது. அப்போது சுருக்குப்பை, வெற்றிலைச் செல்லம் இரண்டையும் வீட்டை விட்டு எடுத்துவிடலாம்.

வாய்க்கு வேலை வேண்டும்: உப்புக்கடலை, சோம்பு, கிராம்பு, நெல்லி வத்தல். "போயிலையை விட்டுட்டேன், வெறும் சீவல்தான்" என்பவரைப் பாராட்டிவிட வேண்டாம். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய் திறக்க முடியாமல் சதை இறுகிப்போவதற்கும் பாக்குதான் முக்கியக் காரணம். கும்பகோணம் கொழுந்து வெற்றிலைமேல் பழி இல்லை. அதற்குள் மடிப்பதில்தான் இருக்கிறது.

2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும், "இது ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். காரச் சுவை வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, சுவை போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி நேரம் வரும். போடுவதற்குக் கால் மணி முன்பிருந்து டீ, காபி, மோர், எலுமிச்சை கூடாது. புளிப்பு பட்டால் நிக்கோட்டின் உள்ளே இறங்காது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கட்டணமில்லா உதவி எண் 1800 11 2356, தமிழிலும் பேசலாம்.

விடச் சொல்லிப் பேச ஆரம்பிப்பதற்குச் சுலபமான வழி மூன்று விரல் சோதனை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடச் சொல்லுங்கள். மூன்றும் நுழையாவிட்டால், அல்லது இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, சிவப்புத் திட்டு இருந்தால், அன்றைக்கே அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | யாருக்குப் பலன் | பலன் தெரிய | மறைவுச் செலவு | எங்கே தோற்கும் |
|---|---|---|---|---|
| சோதனை, சீல் | புதியவர், எப்போதாவது போடுபவர் | ஒரே வாரம், ஆனால் சோதனை ஓய்ந்தால் பழைய கதை | லஞ்சம், விலையேற்றம், பகை | காரைக்கால் எல்லையோர ஊர்கள் |
| 100 கெஜம் | மாணவர்கள் | ஒரு பருவம் | சாட்சிப் பையனின் நிலை | 101ஆவது கெஜத்துக் கடை |
| கிராம சபை, குத்தகை வரி | எல்லோரும் ஓரளவு | அடுத்த ஏலம் வரை | சாதி, தெருப் பகை | தனியார் இடத்துக் கடைகள் |
| விட வைப்பது | பழக்கப்பட்டவர் | 3 மாதம் | ஆள், பொறுமை, சூயிங்கம் செலவு | நடவு, அறுப்புக் காலம் |

## எந்த ஊருக்கு எது

மேல்நிலைப் பள்ளி உள்ள ஊர் என்றால் இரண்டாம் வழியில் தொடங்குங்கள். பிரிவு 77ஐ முன்னால் வையுங்கள், 200 ரூபாயைப் பின்னால். கோட்டுக்கு வெளியே நிற்கும் டீக்கடைக்கு மட்டும் முதல் வழிப் புகார்.

விவசாயத் தொழிலாளர் அதிகம், பள்ளி தொடக்கப்பள்ளி மட்டும் என்றால் நாலாம் வழி. அங்கே முதலில் சீல் வைத்தால் நடப்பது, ஐந்து ரூபாய் கூடக் கொடுத்து அதே பெண்கள் அதே பாக்கெட்டைப் பக்கத்து ஊரில் வாங்குவது. கூலியில் அந்த ஐந்து ரூபாய் குறையும், வாயில் ஒன்றும் குறையாது.

பேருந்து நிலையம், கடைத்தெரு உள்ள பேரூராட்சிக்கு மூன்றாம் வழி, ஏலத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே. எல்லையோர ஊர்களில் முதல் வழியை நம்பி உட்கார வேண்டாம். இரண்டும் நாலும்தான் அங்கே கைகொடுக்கும்.

இரண்டு வழிகளைச் சேர்த்துச் செய்ய முடிகிற ஊர் வரிசையைக் கவனிக்க வேண்டும். விட வைக்கும் வேலை ஆறு வாரம் நடந்த பிறகுதான் புகார் போக வேண்டும். முதல் முறை கடை மூடியிருக்கும் அந்த 15 நாள், விட முயல்கிறவர்களுக்குக் கிடைக்கிற அரிய வாய்ப்பு. அந்த நாட்களில் மகளிர் குழுவில் ஒருவர் கையில் சூயிங்கம் அட்டையும் உதவி எண்ணும் இருக்க வேண்டும். பதினாறாம் நாள் கடை திறந்ததும், வெள்ளிக்கிழமைக் கணக்கை மறுபடி எண்ணுங்கள்.